வாப்பாவின் பிஸ்கட் டின்



கொஞ்சம் நீளமான பதிவு. நோன்பு நெருங்குகிறது, அதனால்தான் இப்போது எழுதுகிறோம். வீட்டில் அறுபது வயதைத் தாண்டிய உம்மா, வாப்பா, மூத்தம்மா இருப்பவர்கள் பொறுமையாக வாசியுங்கள்.

சில வருடங்களுக்கு முன்னர் ஒரு நோன்பில், இருபத்து மூன்றாம் நாள் ஸஹர் நேரம், எங்கள் வாப்பா குளியலறையில் விழுந்து கிடந்தார். தூக்கி எடுத்தபோது உடம்பு சில்லென்று இருந்தது. வேர்த்துக் கொட்டியது. சத்தி எடுத்தார். கோப்பிக் கசடு போலக் கறுப்பாக வந்தது. உம்மா அதைப் பார்த்துவிட்டு, "பித்தம் மகன், கஞ்சி ஒத்துக்கொள்ளல்ல" என்றா. நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். இரண்டாவது தடவை சத்தி எடுத்தபோது அதில் சிவப்பு இருந்தது. அதற்குப் பிறகு யாரும் பித்தம் என்று சொல்லவில்லை. பக்கத்து வீட்டு வேனில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

மூக்கால் குழாய் விட்டார்கள். இரண்டு கையிலும் ஊசி. இரத்தத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். அந்த அவசரத்துக்குள் இளம் டொக்டர் ஒருவர் வந்து எங்களிடம் கேட்ட முதல் கேள்வி: "அரக்கு பொனவாத?" சாராயம் குடிப்பாரா?

நாங்கள் மூன்று பிள்ளைகளும் ஒரே நேரத்தில் தலையாட்டினோம். "நே டொக்டர், எயா முஸ்லிம்" என்றோம். அது ஒரு வைத்தியப் பதில் மாதிரி. டொக்டர் கோபிக்கவில்லை. நான் சமயத்தைக் கேட்கவில்லை, குடிப்பாரா என்றுதான் கேட்டேன் என்று சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார். கட்டிலில் கிடந்த வாப்பாவுக்குச் சிங்களம் விளங்கும். மூக்கில் குழாயோடு தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினார். கண்ணால் தண்ணீர் ஓடியது. வாழ்க்கையில் ஒரு சொட்டுக்கூட நாக்கில் படாத மனிசன் அவர்.

டொக்டர் அடுத்ததாகக் கேட்டார்: "வேதனா நாஷக?" நோவுக் குளிசை ஏதும் எடுப்பாரா?

அதற்கும் "நே" என்றோம்.

பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. சீனிக்கு, பிரஷருக்கு, இதயத்துக்குக் கிளினிக்கில் தருவதுதான் எங்கள் கணக்கில் மருந்து. முழங்காலுக்குப் பார்மசியில் காட் கணக்கில் வாங்குவது மருந்தில்லை, சாமான். கடையில் சீனி, பருப்பு வாங்குவது போல. ராத்தாவுக்குத்தான் முதலில் உறைத்தது. "காக்கா, அந்தக் கால் குளிசை?" என்று எங்கள் கையைப் பிடித்துக் கேட்டா.

வாப்பா நாற்பது வருடம் தையல் மெஷின் மிதித்தவர். முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டது. அந்த நோன்பில் இருபது ரக்அத் தராவீஹையும் நின்றே தொழ வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். கதிரை போட்டுத் தொழுங்க வாப்பா, இயலாதவருக்கு மார்க்கத்தில் சலுகை இருக்குத்தானே என்றால், "கதிரையில இருக்கிற வயசு இன்னும் வரல்ல" என்பார். ஆகவே நோன்பு திறந்ததும் பேரீச்சம்பழத்தோடு ஒரு குளிசை. ஸஹர் முடிவில் தண்ணீரோடு இன்னொன்று. தலைநோன்பிலிருந்து இருபத்து மூன்று நாள். வாங்கிக் கொடுத்தது நாங்கள். அவர் நின்று தொழுவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டதும் நாங்கள்தான்.

இரத்தம் மூன்று பைன்ட் ஏற்றினார்கள். கமரா விட்டுப் பார்த்தபோது இரைப்பையில் ஒரு புண்ணும், அதன் அடியில் இரத்தம் கசியும் ஒரு நாளமும் இருந்தன. அல்ஹம்துலில்லாஹ், உயிர் தப்பினார்.

நாங்கள் கல்வியியற் கல்லூரியில் விஞ்ஞானம் படித்து, பாடசாலையில் தரம் 10, 11 இற்கு விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆள். சமிபாட்டுத் தொகுதியை வருடா வருடம் கரும்பலகையில் வரைகிறோம். அந்தத் தவணையில்கூட ஒரு மாணவன் எழும்பிக் கேட்டான்: "சேர், இறைச்சியையே கரைக்கிற அமிலம் இரைப்பையை ஏன் கரைக்கிறதில்ல?" சீதப்படை இருக்கு, உட்காரு என்று சொல்லிவிட்டோம். அந்தக் கேள்விக்குச் சரியான விடையை வாட்டு வராந்தாவில், மூன்று இரவு கண்விழித்து, போனில் தேடித் தேடி வாசித்துத்தான் படித்தோம். அதை உங்களுக்கும் சொல்கிறோம்.

இரைப்பை சுரப்பது ஐதரோகுளோரிக்கமிலம். ஒரு நாளைக்கு ஏறத்தாழ இரண்டு லீற்றர் இரைப்பைச் சாறு. அதன் பீ.எச். பெறுமானம் 1 இற்கும் 2 இற்கும் இடையில். சுவருக்கு அந்தப் பக்கம் ஓடும் குருதியின் பீ.எச். 7.4. அதாவது ஐதரசன் அயன்களின் செறிவு உள்ளே ஏறத்தாழ இருபத்தைந்து இலட்சம் மடங்கு வரை அதிகம். இரண்டுக்கும் நடுவில் நிற்பது ஒரு மெல்லிய கலப்படை. அதன் மேல் வழுவழுப்பான சீதம். அந்தச் சீதத்துக்குள் கலங்கள் இருகாபனேற்றைச் சுரந்து விடுகின்றன. சீதத்துக்குள் நுழைகிற அமிலம் கலத்தைத் தொடுவதற்கு முன்னரே நடுநிலையாகிவிடுகிறது. கலங்களும் ஒன்றோடொன்று இறுக்கமாக ஒட்டியிருக்கின்றன. சில நாட்களுக்கு ஒருமுறை பழைய கலங்கள் உதிர்ந்து புதியவை வந்துவிடுகின்றன. இதுதான் அந்தப் பிள்ளைக்கு நாங்கள் சொல்லியிருக்க வேண்டிய விடை.

இந்தச் சுவருக்கு இன்னொரு ஆச்சரியம் இருக்கிறது. அது ஒரு சின்ன மின்கலம். கலங்கள் சோடியம் அயன்களை உள்ளிழுத்து, குளோரைட்டு அயன்களை இரைப்பைக்குள் தள்ளுகின்றன. அதனால் இரைப்பையின் உட்புறம் எதிரேற்றம் கொள்கிறது. சுவரின் இரு பக்கத்துக்கும் இடையில் ஏறத்தாழ 40 மில்லிவோல்ற்று அழுத்த வித்தியாசம். நாம் டோர்ச்சுக்குப் போடும் உலர் மின்கலம் 1500 மில்லிவோல்ற்று. அதில் நாற்பதில் ஒரு பங்குக்குக் கிட்ட. சின்னதுதான். ஆனால் சுவர் நலமாக இருக்கிறதா என்பதை அது சொல்லும். மெல்லிய குழாய் ஒன்றை விழுங்கச் செய்து, உடம்பில் இன்னொரு மின்வாயை வைத்து, ஆய்வாளர்கள் இதை மனிதர்களிலேயே அளந்திருக்கிறார்கள். சுவர் உறுதியாக இருந்தால் அழுத்தம் நிற்கும். ஓட்டை விழுந்த தாங்கியில் தண்ணீர் மட்டம் இறங்குவது போல, சுவர் கசிந்தால் அழுத்தமும் இறங்கும்.

அப்படி இறக்கிக் காட்டிய பொருட்களில் முக்கியமானவை இரண்டு. ஒன்று அற்ககோல். மற்றது அஸ்பிரின்.

வாசித்தபோது எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது இந்த இடம்தான். குடித்தவனின் இரைப்பைச் சுவரிலும், தலையிடிக்குக் குளிசை போட்டவரின் இரைப்பைச் சுவரிலும் அந்த மானி ஒரே மாதிரி இறங்குகிறது. சில நிமிடங்களுக்குள்ளேயே. விழுங்கியவர் யார், எந்த நிய்யத்தில் விழுங்கினார் என்று சுவர் கேட்பதில்லை.

1960களில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஹொரஸ் டேவன்போர்ட் என்ற உடற்றொழிலியல் அறிஞர் இதைத் தெளிவாக விளக்கினார். அஸ்பிரின் ஒரு மென்னமிலம். இரைப்பையின் அமிலத்துக்குள் அது அயனாகப் பிரியாமல் இருப்பதால் கலத்தின் மென்சவ்வைச் சுலபமாகக் கடந்துவிடும். கலத்துக்குள்ளே அமிலத்தன்மை இல்லை. அங்கே போனதும் அயனாகிறது, வெளியே வர முடியாமல் மாட்டிக்கொள்கிறது. கலம் கெடுகிறது. சுவர் கசிகிறது. உள்ளே இருந்த அமிலம் சுவருக்குள் திரும்பிப் பாய்கிறது, சோடியம் வெளியே வழிகிறது, அழுத்தம் இறங்குகிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த நேரத்தில் இரைப்பைச் சாற்றை எடுத்து அளந்தால் அமிலம் குறைவாகத் தெரியும். அமிலம் சுவருக்குள் போய்விட்டதும் அதற்கு ஒரு காரணம். "கேஸ்டிக்" என்றால் அமிலம் கூடிவிட்டது என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். பல வேளைகளில் கூடியது அமிலமில்லை, குறைந்தது சுவர்.

மதுவிலும் இதே கதை. பியர், வைன் போன்ற, அற்ககோல் குறைந்த, நொதிக்க வைத்த பானங்கள் அமிலச் சுரப்பைத் தூண்டுகின்றன. சாராயம், விஸ்கி போன்ற வடித்த மது அப்படிப் பெரிதாகத் தூண்டுவதில்லை. அப்படியானால் அது பாதுகாப்பா? இல்லை. நூற்றுக்கு 35, 40 அளவில் அற்ககோல் உள்ள அந்தத் திரவம் நேரடியாகச் சுவரின் மேற்பரப்பையே எரிக்கிறது. ஒன்று அமிலத்தைக் கூட்டுகிறது, மற்றது சுவரை உடைக்கிறது.

1822 இல் மெக்கினாக் தீவில் அலெக்சிஸ் சென் மார்ட்டின் என்ற கனேடியக் கூலித்தொழிலாளிக்குத் தவறுதலாகத் துப்பாக்கிச் சூடு பட்டது. உயிர் பிழைத்தார், ஆனால் வயிற்றில் இரைப்பைக்குள் போகும் துவாரம் ஒன்று மூடாமலே நின்றுவிட்டது. வில்லியம் பியூமொன்ட் என்ற இராணுவ வைத்தியர் வருடக்கணக்காக அந்தத் துவாரத்தால் பார்த்துப் பார்த்து எழுதி, 1833 இல் புத்தகமாக்கினார். அந்த மனிதர் பல நாட்கள் தொடர்ந்து குடித்திருந்தபோது இரைப்பையின் உட்சுவர் சிவந்து புண்ணாகியிருந்ததைக் கண்டார். ஆனால் அவருக்கு வயிற்றில் நோவு இல்லை. ஒரு குறையும் சொல்லவில்லை.

எங்கள் வாப்பாவும் அப்படித்தான். இருபத்து மூன்று நாளும் "வயிறு நோகுது" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்? அவர் விழுங்கியதே நோவை மறைக்கிற குளிசை. முழங்காலின் நோவை மறைத்த அதே மருந்து வயிற்றின் நோவையும் மறைக்கும். வயதானவர்களுக்குப் பல வேளைகளில் முதல் அடையாளமே இரத்தம்தான்.

"சாப்பிட்ட பிறகு போட்டால் பரவாயில்லையா? ஊசியாகப் போட்டால்?" என்று கேட்பீர்கள். நாங்களும் டொக்டரிடம் அதைத்தான் கேட்டோம். சாப்பாட்டோடு எடுத்தால் நேரடி எரிவு கொஞ்சம் குறையலாம். ஆனால் இந்த மருந்துகள் இரத்தத்தால் சுற்றி வந்தும் வேலை செய்கின்றன. நம் உடம்பில் புரோஸ்டகிளாண்டின் என்ற பொருள் இருக்கிறது. நோவையும் வீக்கத்தையும் உண்டாக்குவது அது. இரைப்பைக்குச் சீதத்தையும் இருகாபனேற்றையும் இரத்த ஓட்டத்தையும் கொடுத்துக் காப்பதும் அதுதான். அஸ்பிரின் வகை மருந்துகள் அதன் உற்பத்தியை நிறுத்துகின்றன என்று 1971 இல் ஜோன் வேன் காட்டினார். 1982 இல் நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. ஆகவே முழங்காலில் அடைக்கும் குழாயை வயிற்றிலும் சேர்த்தே அடைக்கிறோம். ஊசியாகப் போட்டாலும், உறை பூசிய குளிசையாக விழுங்கினாலும் அந்த ஆபத்து முழுமையாகப் போகாது.

வாட்டில் வாப்பாவுக்குப் பக்கத்துக் கட்டிலில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு தம்பி கிடந்தார். கூட்டாளியின் கல்யாணத்தில் இரவிரவாகக் குடித்து, காலையில் தலையிடிக்கு அஸ்பிரின் இரண்டு விழுங்கி, மத்தியானம் இரத்தமாகச் சத்தி எடுத்தவர். அதே குழாய், அதே சேலைன், அதே ஊசி. மிஸ்ஸி இரண்டு பேருக்கும் ஒரே தட்டில்தான் மருந்து கொண்டு வருவா.

எங்கள் ஊர் ஆட்கள் பார்க்க வந்தார்கள். வாப்பாவுக்கு துஆ செய்தார்கள். அந்தத் தம்பியை ஓரக்கண்ணால் பார்த்தார்கள். ஒருவர் வராந்தாவில் நின்று, எங்களுக்குக் கேட்காது என்று நினைத்து, "இரத்தமாச் சத்தி எடுக்கிறது குடிகாரருக்கு வாற வருத்தமாச்சே, ஹாஜியார்..." என்று இழுத்தார். மற்றவர் "ஸ்ஸ்" என்றார். அந்த "ஸ்ஸ்" எங்களை இன்னும் சுடுகிறது. அது "அப்படிச் சொல்லாதே" இல்லை. "மெல்லப் பேசு" என்பதுதான்.

எங்களுக்கு இரத்தம் கொதித்தது. வாப்பாவிடம் சொல்லிவிட்டோம், சொல்லியிருக்கக் கூடாது. அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அந்தப் புள்ளைய நானும் நேத்து அப்படித்தான் பார்த்தன் மகன். ரெண்டு பேருக்கும் ஒரே புண்ணுதானே." அடுத்த நாள் எங்கள் வீட்டிலிருந்து கஞ்சித்தண்ணீர் இரண்டு போத்தலில் வந்தது. ஒன்று அந்தத் தம்பிக்கு. வாப்பாவே தரச் சொன்னார்.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. நம் சமூகத்தில் யாரும் குடிப்பதில்லை என்று பேசிக்கொள்கிறோம். ஹராம் ஹராம்தான், அதில் பேச்சில்லை. ஆனால் ஒளித்துக் குடிக்கிற பிள்ளைகள் நம் தெருவிலும் இருக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர்களில் ஒருவருக்கு இரத்தம் வந்தால், வாப்பாவும் காக்காவும் பக்கத்தில் நிற்கும்போது டொக்டரின் கேள்விக்கு "இல்லை" என்றுதான் சொல்லுவார். நாங்கள் குளிசையை மறைத்தது அறியாமையில். அவர் மறைப்பது வெட்கத்தில். டொக்டருக்குக் கிடைப்பது இரண்டிலும் பிழையான தகவல். தயவுசெய்து அந்த நேரத்தில் கொஞ்சம் விலகி நில்லுங்கள். பிள்ளை டொக்டரிடம் தனியாகப் பேசட்டும்.

வாப்பாவை வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று அவருடைய பிஸ்கட் டின்னைத் திறந்து கட்டிலில் கொட்டினோம். முன்னர் பொத்தான் போட்டு வைத்த டின். பார்மசியில் நாங்கள் வாங்கிய டைக்லோபெனாக் இருந்தது. மச்சான் கட்டாரிலிருந்து கொண்டுவந்த இபுப்ரோபென் இருந்தது. இரண்டும் ஒரே வகை. கால் கூட நோகிற நாளில் இரண்டையும் எடுத்தாராம். கிளினிக்கில் இதயத்துக்குத் தந்த 75 மில்லிகிராம் அஸ்பிரின் வேறு. மூன்று பேர் மூன்று பக்கத்தால் அன்போடு வாங்கிக் கொடுத்தது, ஒரே சுவரில் போய் இடித்திருக்கிறது.

நாங்கள் டொக்டரிடம் கேட்டு எழுதி வைத்தவற்றைச் சொல்கிறோம்.

இதயத்துக்கு, பக்கவாதத்துக்கு என்று வைத்தியர் தந்த அஸ்பிரினை இந்தப் பதிவை வாசித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். அதை நிறுத்துவது இன்னும் பெரிய ஆபத்தாகலாம். வயிற்றைக் காக்கும் மருந்து சேர்த்துத் தர வேண்டுமா என்று அடுத்த கிளினிக்கில் கேளுங்கள்.

டைக்லோபெனாக், இபுப்ரோபென், மெபனமிக் அசிட், நெப்ரொக்சன் எல்லாம் ஒரே குடும்பம். பெயர் வேறு என்பதற்காக இரண்டைச் சேர்த்து எடுக்கக் கூடாது. வயதானவர்கள், முன்னர் புண் வந்தவர்கள், ஸ்டீரொய்ட் எடுப்பவர்கள், இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் வைத்தியரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். குடிப்பவருக்கு ஆபத்து இன்னும் கூட.

பரசிட்டமோல் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல, வழமையான அளவில் வயிற்றுச் சுவரை அப்படிக் கெடுப்பதில்லை. ஆனால் அளவு கூடினால் ஈரலைக் கெடுக்கும். 500 மில்லிகிராம் குளிசை என்றால், வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் கூடாது. வயதானவருக்கும் மெலிந்தவருக்கும் குடிப்பவருக்கும் அதிலும் குறைவு.

டெங்கு காலத்தில் காய்ச்சல், உடம்பு நோவு என்றால் அஸ்பிரினோ மேலே சொன்ன குடும்பத்து மருந்தோ வேண்டவே வேண்டாம். இரத்தக் கசிவைக் கூட்டிவிடும்.

தார் போலக் கறுத்து, ஒட்டுகிற மாதிரி, கெட்ட வாடையோடு மலம் போனால் அது இரத்தம். கோப்பிக் கசடு போலச் சத்தியும் இரத்தம். இரும்புச்சத்துக் குளிசையாலும் மலம் கறுக்கும், உண்மை. ஆனால் அதைத் தீர்மானிப்பது நாமல்ல. விடியட்டும் என்று இருக்க வேண்டாம். வாப்பாவுக்கு இரண்டு நாளாகவே அப்படிப் போயிருக்கிறது. பிள்ளைகளிடம் சொல்ல வெட்கப்பட்டிருக்கிறார்.

புண்ணுக்கு எப்போதும் குளிசை மட்டும் காரணமில்லை. ஹெலிகோபக்டர் என்ற பற்றீரியாவும் காரணம். அவுஸ்திரேலியாவின் பெரி மார்ஷல் 1984 இல் அதைத் தானே குடித்துக் காட்டினார், பின்னர் ரொபின் வொரனோடு 2005 இல் நோபல் பரிசு பெற்றார். அதற்குப் பரிசோதனையும் இருக்கிறது, சுகமாக்கும் மருந்தும் இருக்கிறது.

நோன்பு பிடிக்க முடியுமா, மருந்து நேரத்தை எப்படி மாற்றுவது என்பதை இப்போதே, நோன்புக்கு முன்னர், வைத்தியரிடமும் மௌலவியிடமும் கேட்டு வையுங்கள். வாப்பா அடுத்த வருடம் முதல் கதிரையில்தான் தொழுகிறார். முதல் நாள் பள்ளிக்குள் கதிரையைத் தூக்கிக்கொண்டு போகவே கூசினார். இப்போது அவருக்குப் பக்கத்தில் இன்னும் நான்கு கதிரை. முழங்காலுக்குப் பயிற்சி செய்கிறார், வெந்நீர் ஒத்தடம் பிடிக்கிறார். நோவு இருக்கிறது. "இருக்கட்டும், அது இருக்கிறதும் தெரியத்தானே வேணும்" என்கிறார்.

அந்த மாணவனை மறக்கவில்லை. நோன்புப் பெருநாள் விடுமுறை முடிந்து போன முதல் பாடத்தில் அவனை எழுப்பி, அன்றைக்குச் சொன்ன விடை அரைகுறை, இன்றைக்கு முழுமையாகச் சொல்கிறோம் என்று சொல்லி, சுவரையும் 40 மில்லிவோல்ற்றையும் பலகையில் வரைந்தோம். ஆய்வுகூடத்துப் பல்மானியை எடுத்து உலர் மின்கலத்தை அளந்து காட்டினோம். கடைசியில் ஒரு வீட்டுவேலை கொடுத்தோம்: வீட்டில் உள்ள நோவுக் குளிசைகளின் பெயரை எழுதிக்கொண்டு வாருங்கள். முப்பத்திரண்டு பிள்ளைகள். ஒரே வகைக் குளிசை இரண்டு பெயரில் இருந்த வீடுகள் ஒன்பது.

இந்த வாரம் உங்கள் வீட்டு டின்னையும் ஒருமுறை கொட்டிப் பாருங்கள். பெயர்களை எழுதி, கிளினிக் கொப்பியோடு கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டுங்கள்.

வாப்பாவுக்காகவும், பெயர்கூடச் சரியாகக் கேட்டுக்கொள்ளாமல் விட்டுவிட்ட அந்தப் பக்கத்துக் கட்டில் தம்பிக்காகவும் துஆ செய்யுங்கள்.